ரெண்டு பிரேக் வண்டி

எங்க அக்கா புருஷனுக்கு நான் வச்ச பேரு பிரபஞ்சம். நேர்ல மாமான்னுதான் கூப்பிடுவேன், மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா அந்த மனுஷன் வாயைத் திறந்தா பிரபஞ்சம்தான். பஸ் லேட்டா வந்தா, பிரபஞ்சம் நம்மளை நிதானமா இருக்கச் சொல்லுதாம். தலைவலி வந்தா, பிரபஞ்சம் நம்மகிட்ட ஏதோ பேச வருதாம். பிரபஞ்சத்துக்கு வேற பொழப்பே இல்ல பாருங்க, சோபா கடையில சேல்ஸ்மேனா இருக்கிற இவரோட மண்டைக்குள்ள வந்து உட்கார்ந்துகிட்டு ஓயாம பேசிக்கிட்டே இருக்கு.

எங்கயோ ரெண்டு நாள் வகுப்புக்குப் போனாரு. போகும்போது மனுஷனா போனாரு, வரும்போது குருவா வந்தாரு. அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஆனா காலங்காத்தால வீட்டு ஹால்ல கூட்டம். வகுப்புக்குப் பேரு 'உனக்கு நீ கொடுத்த வாக்கு'. பத்திருபது பேர் பாயில உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் தங்களைத் தாங்களே கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "நான் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்துவேன்!"னு கத்துவாங்க. நான் அதே வீட்டு மாடியில குடியிருக்கேன். என் ஞாயித்துக்கிழமைத் தூக்கம் அதோட போச்சு. கத்தி முடிச்சதும் ஒவ்வொருத்தரா எழுந்து வாக்கு சொல்லணும். ஒரு பெரிய மனுஷன் இனிமே கோபமே பட மாட்டேன்னு கண்ணீரோட சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அவரே வெளியே வந்து, யாரோ தன் செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வாசல்ல நின்னு பேசின பேச்சு இருக்கே, நாய்கூட எழுந்து தெரு மாறிப் போச்சு.

சரி, இத்தனை பேருக்கும் டீ போடுறது யாரு? அக்கா. பாய் விரிக்கிறது, மடிக்கிறது, டம்ளர் கழுவுறது? அக்கா. அதைக்கூட விட்டுடலாம். மாமா தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட வாக்குங்க இருக்கே, அந்தக் கதையைக் கேளுங்க. தினம் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்னு வாக்கு. அலாரம் அடிக்கும், அவர் அதை அணைச்சுட்டுத் திரும்பிப் படுப்பாரு. அக்கா போய் உலுக்கி, உட்கார வச்சு, முகம் துடைக்கத் துண்டு கொடுப்பா. வெறும் வயித்துல வெந்நீர் குடிப்பேன்னு வாக்கு. வெந்நீர் தானா காஞ்சு தானா டம்ளருக்கு வந்துடுமா? சர்க்கரையை விட்டுடுவேன்னு வாக்கு. டப்பாவை அக்கா துணி அலமாரியில ஒளிச்சு வைப்பா. தினம் நடப்பேன்னு வாக்கு. ஷூவைத் துடைச்சு, கதவைத் திறந்து, மனுஷனை வெளியே தள்ளாத குறையா அனுப்பி வைப்பா. போற வர்றவங்க எல்லாம், "உங்களுக்கு என்னா மனக்கட்டுப்பாடு சார்!"ம்பாங்க. இவரும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவாரு.

பேச்சுப் பல்லக்கு, தம்பி பொடிநடைன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல தம்பி பொடிநடைகூட இல்ல, நிஜமாவே பல்லக்குலதான் போறாரு. தூக்குறது எங்க அக்கா.

அவளும் தனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தா. கத்தல, கட்டிப் பிடிச்சுக்கல. வண்டி ஓட்டக் கத்துக்கணும், அவ்வளவுதான். எதுக்குன்னா, அக்காவுக்கு ஜன்னல் திரை தைக்கிற கடையில வேலை. தைச்சா மட்டும் போதாது, வீடு வீடாப் போய் அளவெடுக்கணும், கம்பி அடிச்சு மாட்டிக் கொடுக்கணும். ஆளு உயரத்துக்கு மேல நீளமா இருக்கிற திரைக்கம்பியைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏறிப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் திரும்பினா ஒருத்தர் மூக்கு, இன்னொரு பக்கம் திரும்பினா இன்னொருத்தர் கண்ணாடி. கண்டக்டர், "கம்பிக்கும் ஒரு டிக்கெட் எடும்மா"ன்னு தினம் அதே ஜோக்கை அடிப்பாரு. இவளும் தினம் சிரிச்சு வைப்பா. கடைக்கார அம்மா இப்ப ஒரு சின்ன வேன் வாங்கியிருந்தாங்க. ஊருக்கு வெளியே புதுசா பிளாட்டுங்க வருது. "லைசென்ஸ் எடுத்துட்டு வா, சாவியும் உனக்கு, அந்த பிளாட்டு வேலை மொத்தமும் உனக்கு. ஆளுங்க குடிவர ஆரம்பிக்கிறதுக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்"னு சொல்லிட்டாங்க.

ஏற்கெனவே மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் விட்டவ அவ. ஒரு தடவை மாமாவுக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு தடவை மாமாவோட தங்கச்சி பிரசவம். ஒரு தடவை மாமா குருவானாரு. இந்தத் தடவை மாடிப்படியில வந்து உட்கார்ந்து என்கிட்ட, "இதையும் விட்டேன்னா, என் மூஞ்சியைக் கண்ணாடியில பார்க்க எனக்கே பிடிக்காதுடி"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

நான் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கிறவ. என் வாய்க்குப் பயந்தே நிறைய பேர் ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டாங்க. எங்க வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும், கத்துக்கிறவங்க காலுக்கு ஒண்ணு, பக்கத்துல உட்கார்ற என் காலுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டினது. நான் இங்க மிதிச்சா, அங்க அவங்க காலுக்குக் கீழே இருக்கிறதும் கூடவே இறங்கும். அதனால எங்க தொழில்ல வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். செருப்பு தைக்கிறவர், "ஒத்தைக் காலுக்கு மட்டும் செருப்பு விக்கிற கடை எதுவும் இருக்கான்னு பாரும்மா"ன்னு கிண்டல் பண்ணுவாரு. மத்தவங்களுக்கு நான் அவ்வளவு சுலபத்துல மிதிக்க மாட்டேன். குப்பைத்தொட்டிக்கு நேரா போனாலும் கடைசி வரைக்கும் விட்டுத்தான் மிதிப்பேன். பயந்தாத்தான் காலுக்கு மூளை வரும்.

அக்கா ஓட்டினது, சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. எங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்கிற குடோனுக்குப் பின்னாடி, காலி ரோட்டுலதான் பழகினோம். நிறுத்துன்னா தொட்டில் நிக்கிற மாதிரி நிக்கும் வண்டி. எங்க முதலாளியே பார்த்துட்டு, "உங்க அக்காவுக்குக் கை வந்த கலை மாதிரி இருக்கே"ன்னாரு. நான் காலரைத் தூக்கி விட்டுக்காத குறைதான். பல்லக்குல போற குரு எங்க, நம்ம சொல்லிக் கொடுக்கிறது எங்கன்னு மனசுக்குள்ள ஒரு திமிரு.

டெஸ்ட்டுக்குப் போனோம். நான் உட்கார்ற இடத்துல இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாரு. அவர் கால் பிரேக்குல பட்டா பெயில், அதுதான் சட்டம். நான் மதில் ஓரமா நின்னு பார்க்கிறேன். அக்கா கிளப்பினா, வளைச்சா, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளைக் கோட்டுக்கிட்ட நிறுத்தணும். வண்டி வருது, வருது, கோட்டைத் தாண்டியும் வருது. பாதை ஓரத்துல வச்சிருந்த பூந்தொட்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் ஓங்கி மிதிச்சாரு. அவரோட கண்ணாடி மூக்குலேர்ந்து மடியில விழுந்துச்சு.

"அடுத்த தடவை பார்க்கலாம்மா"ன்னு இறங்கிப் போயிட்டாரு.

அக்கா அழல. "எப்பவும் மிதிக்கிற மாதிரிதான்டி மிதிச்சேன்"னு திரும்பத் திரும்ப அதையே சொன்னா. நான் இன்ஸ்பெக்டரைத் திட்டினேன், கோடு போட்டவனைத் திட்டினேன், பூந்தொட்டி வச்சவனைத் திட்டினேன். வீட்டுக்கு வந்தா பிரபஞ்சம் கதவைத் திறந்துச்சு. "தோல்வின்னு ஒண்ணு கிடையவே கிடையாது"ன்னாரு. பெயில்னு எழுதிக் கொடுத்த கையெழுத்தே இன்னும் காயல, கிடையாதாம்!

அதோட விட்டாரா? ஞாயித்துக்கிழமை வகுப்புல அக்காவையே பாடமா எடுத்துட்டாரு. "என் மனைவியையே எடுத்துக்குங்க. தனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல. ஏன்? உள்ளுக்குள்ள உறுதி இல்ல. நான் தினம் காலையில எந்திரிக்கிறேன், யாராவது என்னை எழுப்புறாங்களா?" இருபது பேரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பாவமாப் பார்த்தாங்க. அக்கா அவங்களுக்குத்தான் டம்ளர் கழுவிக்கிட்டிருந்தா. நான் படியில நின்னுக்கிட்டிருந்தேன். உள்ளே போய் அந்தாளை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கலாம்னு செருப்பை உதறினேன்.

அக்கா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தவ, என்னைப் பார்க்கல. கவுந்து கிடந்த என் வலது செருப்பைப் பார்த்தா. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இது எப்ப வாங்கினது?"

"நீ கத்துக்க வந்த வாரம்தான். ஏன்?"

"அதுக்குள்ள அடி தேஞ்சு போச்சே."

"தொழில் அப்படி."

"போன ஜோடி இவ்வளவு சீக்கிரமா தேஞ்சுது?"

அக்கா செருப்பைக் கீழே வச்சா. டீ எடுத்துட்டு உள்ளே போயிட்டா. எனக்கு அவ என்ன கேட்கிறான்னு அப்ப நிஜமாவே புரியல. நான்தான் பெரிய புத்திசாலியாச்சே.

மறுநாள் குடோன் ரோட்டுக்குப் போனோம். அக்கா சாவியைப் போட்டா, ஆனா திருகல.

"காலைத் தூக்கு"ன்னா.

"என்ன?"

"காலைத் தூக்கி சீட்டு மேல வை. சம்மணம் போட்டு உட்காரு."

"நல்லா இருக்கே கதை! முதலாளி பார்த்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. இது வண்டி அக்கா, கல்யாணப் பந்தி இல்ல."

"அப்ப நீ இறங்கிக்க."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. பெல்ட்டுக்குள்ள காலை மடக்கித் திணிச்சு உட்கார்ந்தேன். முழங்கால் ரெண்டும் முன்னாடி டேஷ்போர்டுல இடிக்குது. பார்க்கிறவங்களுக்கு நானும் மாமா வகுப்புக்குப் போற கேஸ் மாதிரிதான் தெரிஞ்சிருப்பேன்.

வண்டி போச்சு. ரோட்டு முடிவுல காலி பேரல் ஒண்ணு நிக்குது. "நிறுத்து"ன்னேன். அக்கா எப்பவும் போல காலை வச்சா. வண்டி கொஞ்சம்கூட மதிக்கல. "அக்கா, நிறுத்து! மிதி! ஐயோ, மிதிடி!"ன்னு அலறினேன். என் கால் பாட்டுக்குக் கீழே போகப் பார்க்குது, மடக்கினது வர மாட்டேங்குது. அக்கா ஓங்கி ஒரு மிதி மிதிச்சா. நான் முன்னாடி போய் இடிச்சுட்டுத் திரும்பி வந்தேன். வண்டி பேரலைத் தொட்டுட்டு நின்னுச்சு. பேரல் யோசிச்சு யோசிச்சு மெதுவா சாஞ்சு, உருண்டு போச்சு.

"பிரேக்கு இவ்வளவு அழுத்தமாவாடி இருக்கும்?"னு கேட்டா அக்கா.

நான் மடக்கின காலை மெல்லக் கீழே இறக்கினேன்.

"இத்தனை நாள்ல ஒரு தடவைகூட நான் மிதிக்கல, இல்ல? என் கால் சும்மா மேல இருந்திருக்கு. நீ மிதிக்க மிதிக்க அது இறங்கியிருக்கு. நான்தான் நிறுத்துறேன்னு நினைச்சு, வீட்டுக்குப் போய் சந்தோஷமா தூங்கியிருக்கேன்."

"உனக்கு ஏதாவது ஆயிடக் கூடாதேன்னுதான் அக்கா... என்னையும் அறியாம..."

"மத்தவங்களுக்கு அப்படிப் பண்ணுவியா?"

"மத்தவங்க எனக்கு யாரு? நீ என் அக்கா."

"அதனாலதான் அவங்க எல்லாம் பாஸ் பண்ணிட்டுப் போறாங்க"ன்னா.

பளார்னு அறைஞ்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. அவ கோபமா சொல்லல, அதுதான் கொடுமை. ஸ்டீரிங்கைப் பிடிச்சபடியே உருண்டு போன பேரலைப் பார்த்துக்கிட்டு மெதுவா பேசினா. "நான் தினம் அவரை எழுப்பி உட்கார வைக்கிறதைப் பார்த்து நீ சிரிப்ப. அவரு என்னடான்னா, தானா எந்திரிக்கிறதா நினைச்சு ஊருக்கே பாடம் எடுக்கிறாரு. நானும் தானா நிறுத்துறதா நினைச்சுக்கிட்டு டெஸ்ட்டுக்குப் போயிருக்கேன். அவரு பண்றது எனக்கு இப்பதான் புரியுது. பாவம், அவருக்குத் தெரியவே தெரியாதுடி."

மாமாவுக்கு எங்க அக்கா எதுவோ, அதுதான் அக்காவுக்கு நானாம். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். அவரு பல்லக்குல போனா நக்கல் அடிச்ச நான், இங்க சத்தமில்லாம ஒரு பல்லக்கைத் தூக்கிக்கிட்டு, அதுக்குப் பாசம்னு பேரு வச்சிருக்கேன். வெட்கமா இருந்துச்சு. வெட்கத்தைக் காட்டிக்காம, "சரி சரி, பேரலை நிமிர்த்தி வச்சுட்டு வரேன், மறுபடி ஓட்டு"ன்னு இறங்கினேன்.

அதுக்கப்புறம் தினம் சம்மணம்தான். பேரல் நசுங்கிச்சு, என் முழங்கால் கன்னிப் போச்சு, அக்காவோட கழுத்து ஒரு நாள் திரும்பல. தொட்டில் மாதிரி நின்ன வண்டி முரட்டு மாடு மாதிரி நின்னுச்சு. முதலாளி தூரத்துலேர்ந்து பார்த்துட்டு, "நல்லா ஓட்டினவங்களைக் கெடுத்து வச்சிருக்கியே"ன்னாரு. மெல்ல மெல்ல அவ காலுக்கு அவளோட மூளை வந்துச்சு. வண்டி அவ சொன்ன இடத்துல நின்னுச்சு, நான் ஆசைப்பட்ட இடத்துல இல்ல.

அடுத்த டெஸ்ட் ஒரு சனிக்கிழமை வந்துச்சு. பிளாட்டுக்கு ஆளுங்க சாமான் இறக்க ஆரம்பிச்சுட்டாங்க, கடைக்கார அம்மா ஒரு தடவை போன் பண்ணிட்டாங்க. இதை விட்டா வேன் போச்சு. பிரபஞ்சம் சும்மா இருக்குமா? அதே சனிக்கிழமை காலையில வீட்டுல சிறப்பு வகுப்பு. மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்த பெரிய குருவே நேர்ல வர்றாராம். "டெஸ்ட்டை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா. நீ இல்லாம அத்தனை பேருக்கு யாரு..."ன்னு இழுத்தாரு. அக்கா சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. பாத்திரத்தை அடுக்கிக்கிட்டிருந்தா. விட்டுட்டா, நாலாவது தடவையும் விட்டுட்டாடான்னு நினைச்சேன். ராத்திரியே போய் உலுக்கணும் போல இருந்துச்சு. காலை மடக்கி உட்கார்ந்துக்கிட்டேன்.

காலையில வாசல்ல பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம், நடுவுல வெள்ளைச் சட்டையில பெரிய குரு. பாய் விரிக்கல, டீ வாசனை இல்ல. அக்கா தலை சீவி, கைப்பையோட கதவைத் திறந்தா.

"வாங்க, உட்காருங்க."

"சார் எங்கம்மா?"ன்னாரு ஹாலுக்குள்ள வந்த பெரிய குரு.

"தூங்குறாரு."

"தூங்குறாரா? அஞ்சு மணிக்கே எந்திரிப்பாரே!"

"அது அவர் தனக்குக் கொடுத்த வாக்கு சார். அதுல நான் குறுக்க வரக்கூடாது, இல்லையா?"ன்னா அக்கா. கிண்டலே இல்லாம, அவ்வளவு மரியாதையா சொன்னா.

அந்த நேரம் பார்த்து மாமா ரூம்லேர்ந்து வெளியே வந்தாரு. கன்னத்துல தலையணைக் கோடு, சட்டைப் பட்டன் ஒண்ணு மாறிப் போயிருக்கு. கூட்டத்தைப் பார்த்தாரு, கடிகாரத்தைப் பார்த்தாரு, கடைசியா அக்காவைப் பார்த்தாரு. "நீ... என்னை எழுப்பலையா?"ன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுட்டாரு. அடேங்கப்பா, அந்த ஹால்ல அப்ப விழுந்த அமைதி இருக்கே, இத்தனை வாரமா நடந்த வகுப்புல அப்படி ஒரு தியானம் நடந்ததே இல்ல.

"டீ?"ன்னாரு சின்னக் குரல்ல.

"டீத்தூள் மேல் தட்டுல. சர்க்கரை துணி அலமாரியில"ன்னா அக்கா. செருப்பை மாட்டிக்கிட்டா.

எனக்கு எவ்வளவோ பேச வந்துச்சு. பிரபஞ்சத்தையே டீ போடச் சொல்லுங்க மாமான்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. அவ அத்தனை மரியாதையா முடிச்சதை நான் கெடுக்க வேணாம்னு முழுங்கினேன். என் ஆயுசுல நான் முழுங்கின ஒரே வார்த்தை அதுதான்.

டெஸ்ட் மைதானத்துல அதே இன்ஸ்பெக்டர். அக்காவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. நான் மதில் ஓரத்து பெஞ்சுல உட்கார்ந்தேன். வெள்ளைக் கோடு வந்துச்சு. வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமாவே நின்னுச்சு, ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுச்சு. இன்ஸ்பெக்டர் குனிஞ்சு தன் காலையே ஒரு தடவை பார்த்துக்கிட்டாரு. அது சும்மாதான் இருந்துச்சு. நான் பெஞ்சுல உட்கார்ந்து ஓன்னு அழுதேன்.

வேன் வந்த முதல் நாள் என்னையும் ஏத்திக்கிட்டா. பின்னாடி திரைக்கம்பி எல்லாம் யார் மூக்கையும் இடிக்காம சமர்த்தா படுத்திருந்துச்சு. பிளாட்டு ரோட்டுல திரும்பும்போது, சைக்கிள்காரர் ஒருத்தர் போனைப் பார்த்துக்கிட்டே குறுக்க வந்துட்டாரு. நான் ஓங்கி மிதிச்சேன். வேன்ல என் பக்கம் பிரேக் ஏது? வெறும் தகரம். டம்முனு சத்தம் கேட்டுச்சு.

வண்டி அதுக்கு முன்னாடியே நின்னிருந்துச்சு. சைக்கிள்காரர் தலை நிமிராமலே போயிட்டாரு.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கியரை மாத்திக்கிட்டே, "காலை மடக்கு"ன்னா.

மடக்கிக்கிட்டேன்.